பல்லி மட்டும் மிஞ்சும் கூட்டம்

எங்கள் ஊர்க் கடன் சங்கத்தின் கூட்டறிக்கைக் கொப்பியில் 2017 ஐப்பசிக் கூட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. வரவு ஆறு பேர், சென்ற கூட்டறிக்கை வாசித்தல், கணக்கு, கடன் விண்ணப்பங்கள், நன்றியுரை. கையெழுத்துகளில் மூன்றாவது என்னுடையது. பக்கத்தின் ஓரத்தில் பிளேன்ரீக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று காய்ந்து கிடக்கிறது. கணக்காய்வுக்கு வந்த உத்தியோகத்தர் அந்தப் பக்கத்தையும் புரட்டி, சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டுவிட்டுப் போனார். எழுதியதில் பிழை கிடையாது. எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரத்துக் கிராமங்களில் ஒன்று எங்களுடையது. பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் யார் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் என்பதற்காக என்னைச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொருளாளராகப் போட்டார்கள். பெருக்கத் தெரிந்தவளுக்கு வட்டியும் தெரியும் என்பது ஊரின் கணக்கு. நிர்வாக சபையில் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. மாதத்தில் முதல் சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூடுவோம். கடன் கேட்டவரின் வீட்டுக்குப் போய் ஆட்டுக் கொட்டிலையும் கிணற்றையும் பார்ப்போம், பற்றுச்சீட்டு எழுதுவோம், காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கிளிநொச்சி வங்கிக்கு பஸ் ஏறுவோம். இவ்வளவும் செய்துவிட்டு, "அவைக்கென்ன, சங்கத்துக் காசில சொகுசு" என்ற பேச்சையும் கேட்போம்.

சம்பளமில்லாத குழு என்பது எங்கள் கண்டுபிடிப்பல்ல. ஜேர்மனியில் 1864 இல் றைபைசன் தன் கடன் சங்கத்தைத் தொடங்கியபோதே, சபையில் இருப்பவன் கூலி வாங்கக்கூடாது, கணக்கெழுதுகிறவனுக்கு மட்டும் ஏதும் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார். ஒரே ஊரவர்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஆகவே யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களுக்கே தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. இலங்கையில் 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. அந்த நம்பிக்கையும் கூடவே கப்பலேறி வந்திருக்கிறது. தெரிந்தவர்கள் என்பதுதான் இதன் பலம் என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். அது பலவீனமாகும் இடத்தை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வன்னியில் அந்தப் பலம் இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படுகிறது. ஈடு வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் அரைவாசிக்கு மேல் பேமிற் காணி, அரசாங்க அனுமதிப் பத்திரத்தில் இருக்கிற காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாத காணியை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், அவர்கள் கோப்பை மூடி மேசையில் வைத்து, "வேற ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு உறுதிக் காணி இருந்தது, அவர்களின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒற்றி இருந்தது. காசு கொடுத்தவன் வட்டிக்குப் பதில் வயலின் விளைச்சலை எடுத்துக்கொள்வான். குடியேற்றத் திட்டத்தில் வந்த எங்கள் அப்பு ஆச்சிமாருக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டுக் கடதாசிதான். 2009 இல் அதுவும் பலருக்குக் கையில் இல்லை. ஆகவே எங்கள் சங்கத்தில் ஈடு என்பது இரண்டு பிணையாளிகளின் கையெழுத்தும், நிர்வாக சபையில் ஏழு பேரின் வாயும்.

2011 இல் சங்கத்தைத் திரும்பத் தொடங்கிய நாளைச் சொல்லாமல் விடமுடியாது. பழைய பேரேடுகள் ஒன்றும் இல்லை. செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குள் இருந்த சனம். மண்டபத்துக்குக் கூரையில்லை. வேப்பமரத்தின் கீழ் இருந்து, யார் யாருக்குச் சங்கத்தில் எவ்வளவு சேமிப்பு இருந்தது என்று வாயால் சொல்லச் சொல்லி எழுதினோம். கூட்டிப் பார்த்தால் வங்கிக் கணக்கில் இருந்ததைப்போல மூன்று மடங்கு! தலைவர் அன்று கொப்பியை மூடிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "சண்டையில எல்லாருக்கும் எல்லாம் போச்சு, சேமிப்பு மட்டும் வளந்திருக்கு" என்றார். பிறகு ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று எழுதினோம். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

மருமகனின் லாண்ட்மாஸ்டர்

2017 ஐப்பசிக்கு வருகிறேன். மாரி மழையை நம்பிய காலபோக நெல்லுக்கு உழவு தொடங்கும் நேரம். முந்திய போகம் வறட்சியில் போய்விட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. சங்கத்தின் கையில் நாலு பேருக்குக் கொடுக்கத்தான் காசு. விண்ணப்பம் ஏழு. முதல் மூன்றும் பிரச்சினையில்லாமல் முடிந்தன. நாலாவது இடத்துக்கு இரண்டு விண்ணப்பம் நெருக்கத்தில் நின்றன. ஒன்று என் அண்ணரின் மகனுடையது. லாண்ட்மாஸ்டருக்கு, அந்த இரண்டு சில்லு உழவு மெசினுக்கு, எஞ்சின் திருத்த அறுபதாயிரம். மற்றது, மூன்று பிள்ளைகளோடு தனியே இருக்கும் ஒரு அக்காவுடையது. கிணற்றை இன்னும் ஏழு முழம் ஆழப்படுத்தி, மிளகாய்க் கன்று வைக்க ஐம்பதாயிரம். இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்திருந்தோம். அக்காவின் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது அடியில் ஒரு வாளி தண்ணீர், அதற்குள் ஒரு தவளை.

நான் அன்று வாயே திறக்கவில்லை. இதை நான் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். மருமகனுக்காக ஒரு சொல் பேசவில்லை, கண்ணால்கூடக் காட்டவில்லை. கணக்குக் கொப்பியைப் பார்த்தபடி இருந்தேன். செயலாளர் இரண்டு விண்ணப்பத்தையும் வாசித்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. பிறகு தலைவர், "பெடியன் எண்டால் உழவுக்கும் ஓடுவான், கடனைக் கட்டிப்போடுவான். தங்கச்சிக்கு அடுத்த முறை பாப்பம்" என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. கையெழுத்து இருக்கிறது.

மருமகன் ஒரு தவணையும் தவறவில்லை. அவன் தவறியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை. சபை பிழையாக முடிவெடுத்தது, நான் உறவுக்காரி, மன்னிப்புக் கேட்கிறேன் என்று நேராகச் சொல்லியிருப்பேன். அவன் கட்டி முடித்தான், உழவில் நாலு காசும் பார்த்தான். புத்தகத்தின்படி அது நல்ல கடன். அந்த அக்கா அடுத்த முறைக்கு நிற்கவில்லை. மழைக்கு முதல் கிணறு வெட்டவேண்டும். அவர் கிழமைக் கடன் கொடுக்கும் ஒரு கம்பனியில் இன்னும் நாலு பெண்களோடு குழுவாகச் சேர்ந்து எடுத்தார். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு அவருடைய படலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது யன்னலால் அந்தச் சத்தம் கேட்கும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் வீட்டுக்குப் போகமுடியாது. அவர் கட்டினார். தோட்டை விற்றுக் கட்டினார்.

2018 இல் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, நான்தான் ஓடிப்போய் அவருக்குச் சொன்னேன். அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்குத்தானாம். "நான் ஒழுங்காக் கட்டினது பிழையாப் போச்சு ரீச்சர்" என்று சிரித்தார். என்னைக் குற்றம் சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. அந்த வருஷம் மார்கழி வெள்ளத்தில் மிளகாயும் போயிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை என்று தெரியும். ஆனால் மனம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறது.

ஸ்காபரோவில் எழும்பிப் போகிறார்கள்

2023 இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தியின் மகன் எங்கள் வீட்டில் மூன்று நாள் நின்றான். கனடாவில், ஸ்காபரோவில் மோட்கேஜ் ஏஜென்ட், வீட்டுக் கடன் தரகர். இந்தத் தொழிலை இங்கே ஒருவருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது பெரும்பாடு. தரகர் என்றால் எங்களுக்கு மாட்டுத் தரகர், காணித் தரகர், கலியாணத் தரகர். மூன்று பேரிலும் மாட்டுத் தரகரைத்தான் கொஞ்சம் நம்பலாம். தம்பி வீடு வாங்குகிற சனத்துக்கும் வங்கிகளுக்கும் நடுவில் நின்று, யாருக்கு எந்த வங்கி என்ன வட்டிக்குக் கொடுக்கும் என்று தேடிப் பொருத்திக் கொடுக்கிறான். பெரும்பாலும் கடன் கொடுக்கிற வங்கியே இவனுக்குக் கொமிசன் கொடுக்கிறது. அதற்கு அங்கே லைசன்ஸ் வேண்டும், பரீட்சை வேண்டும். அவனுடைய ஒன்ராறியோ மாகாணத்தில் 2008 இலிருந்து நடைமுறையிலிருக்கும் சட்டம் ஒன்று, 2019 இலிருந்து மேற்பார்வைக்கு ஒரு புதிய அதிகார சபை, 2023 சித்திரையிலிருந்து ஏஜென்ட்மாருக்கு இரண்டு தரம் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். முதல் தரத்துக்காரர் வங்கி போன்ற நிறுவனங்களோடுதான் வேலை செய்யலாம். தனியாரிடம் கூடிய வட்டிக்கு எடுத்துக் கொடுப்பதற்கு இரண்டாம் தரம் வேண்டும்.

என்னை உஷாராக்கியது வேறு. தம்பி அந்தத் தொழிற்காரர்களின் சங்கத்தில் ஒரு குழுவில் இருக்கிறானாம். சம்பளமில்லாமல். அரசாங்கம் புது விதி கொண்டுவரப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று அறிக்கை விட்டால், பின்னேரங்களில் ஸூமில் கூடி, பந்தி பந்தியாக வாசித்து, சங்கத்தின் பதிலை எழுதுவது இந்தக் குழு. இன்னொரு குழு படிப்பு வகுப்புகளுக்கு, இன்னொன்று முறைப்பாடுகளுக்கு, இன்னொன்று வருஷ மாநாட்டுக்கு. "நீயுமோ?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கனடாவிலும் ஒருத்தன் இரவு ஒன்பது மணிக்குக் கூட்டறிக்கை வாசிக்கிறான்!

அப்போதுதான் அவன் அந்தக் கதையைச் சொன்னான். தனியார் கடன்களுக்கு விதியை இறுக்குவது பற்றி அவர்கள் பதில் எழுத உட்கார்ந்த இரவு, குழுவில் ஒருவர், "என்னுடைய வருமானத்தில் பெரும் பங்கு இதிலிருந்துதான் வருகிறது, நான் இந்தப் பகுதியில் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஸூமை விட்டு வெளியே போனாராம். முடிந்தபின் திரும்பக் கூப்பிட்டார்களாம். போனார், வந்தார் என்று குறிப்பிலும் எழுதினார்களாம். நான் சிரித்தேன். "தம்பி, எங்கட சபையில சொந்தக்காரர் எழும்பிப் போகோணும் எண்டால், சுவரில இருக்கிற பல்லி மட்டும்தான் மிஞ்சும். அதுவும் ஆரின்ரயோ வீட்டால வந்த பல்லியாத்தான் இருக்கும்."

அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, நான் முதல்நாள் இரவு பேச்சுவாக்கில் சொன்ன லாண்ட்மாஸ்டர் கதையை ஞாபகம் வைத்திருந்து, "அப்ப நீங்கள் அண்டைக்கு எழும்பிப் போகேல்லையோ அக்கா?" என்று கேட்டான். குத்திக் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களோ என்று கேட்பதைப்போலக் கேட்டான். "நான் வாயே திறக்கேல்லை" என்றேன். "நீங்கள் கதைக்காட்டியும், உங்களுக்கு முன்னால மற்றவை எப்பிடிக் கதைப்பினம்?"

ஆறு வருஷம் எனக்கு வராத கேள்வி. என் மௌனத்தை நான் எனக்குள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்துக் கதிரையில் இருந்து பார்க்கவில்லை. ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சர், சங்கத்துத் திறப்பு வைத்திருப்பவள், கொப்பியைப் பார்த்தபடி இருக்கிறாள். அவளின் அண்ணன் மகனுடைய விண்ணப்பம் மேசையில். யார் வாய் திறப்பார்?

அதற்காகத் தம்பியின் சங்கத்தைத் தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. அடுத்த நாள் காலையில் பதிலுக்கு நானும் கேட்டேன்: உங்கள் குழுவில் வீடு வாங்கக் கடன் எடுக்கிற சனம் யாராவது இருக்கிறதா? இல்லை. அது தொழிற்காரர்களின் சங்கம், தொழிலைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. குழுவில் இருந்தால் உனக்கு ஏதும் இலாபமா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேர் அடிபடும் அக்கா. அதுவும் ஒரு விளம்பரம்தான்" என்று ஒத்துக்கொண்டான். நேர்மையான பிள்ளை. அங்கே கடனாளி அறைக்குள்ளேயே இல்லை. இங்கே அறை முழுக்கக் கடனாளிகளும் அவர்களின் மாமிமாரும். அவர்களுடைய பிரச்சினைக்குச் செய்த செருப்பு எங்கள் காலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்த மனிசன் போனதையும் வந்ததையும் எழுதி வைத்தார்கள் என்பது என்னை விடவில்லை. எங்கள் ஒன்றரைப் பக்கத்தில் "விண்ணப்பதாரர் பொருளாளரின் சகோதரரின் மகன்" என்ற ஒரு வரி இருந்திருந்தால், சிவப்புப் பேனைக்காரர் அந்த இடத்திலாவது ஒரு கணம் நின்றிருப்பார்.

விறாந்தை

போன வருஷம் ஆவணியில் மருமகன் திரும்ப விண்ணப்பித்தான். சூடடிக்கிற மெசின் ஒன்றில் பங்குக்கு, இரண்டு லட்சம். அன்று ஐந்து பேர் வந்திருந்தோம். எங்கள் உபவிதிப்படி கோரம், முடிவெடுக்கக் குறைந்தது இருக்கவேண்டிய ஆட்கள், நாலு. விண்ணப்பத்தைச் செயலாளர் எடுத்ததும் நான் எழும்பி, "இவன் என்ர அண்ணற்ற மகன். நான் இதில இருக்கேல்லை, வெளியில நிக்கிறன். அதைக் கொப்பியிலயும் எழுதுங்கோ" என்றேன். வீட்டில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்த வசனம். இருந்தும் குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

தலைவர் பேனையைக் கீழே வைத்தார். "என்ன ரீச்சர், ஆரும் ஏதும் சொன்னவையோ?" இல்லை என்றேன். அதற்குள் மூலையிலிருந்த சின்னம்மா ஒருவர், "அப்பிடியெண்டால் நானும் பெடியனுக்கு ஆச்சி முறைதானே" என்று தானும் எழும்பினார். செயலாளர், தன் மனைவி பெடியனின் தாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று நினைவுபடுத்தினார். தலைவர், "எல்லாரும் வெளியில போங்கோ, நான் பல்லியோட கதைச்சு முடிவெடுக்கிறன்" என்றார். நான் சொன்ன பல்லி எப்படி அவரிடம் போனது என்று தெரியவில்லை. ஊரில் ஒரு பேச்சு எத்தனை படலை தாண்டும் என்பதற்கு இது போதும்.

கடைசியில் ஒரு கால்மணித்தியாலம் வாதாடி ஒன்றுக்கு வந்தோம். கூடப்பிறந்தவர், பிள்ளை, சகோதரத்தின் பிள்ளை, பிணை வைத்தவர் என்றால் வெளியே போவது. மற்ற முறைகளைக் கொப்பியில் எழுதிவிட்டு இருப்பது. எழுதியபோது இரண்டு பக்கம் போயிற்று, ஊரின் வம்சாவளி மாதிரி. சின்னம்மா இருந்தார். நான் மட்டும் விறாந்தைக்கு வந்தேன்.

மண்டபத்துக்கு அரைச்சுவர். வெளியே போவது என்பது சும்மா பேச்சு, உள்ளே குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அரைச்சுவரில் சாய்ந்துகொண்டு வேப்பமரத்தைப் பார்த்தேன். முதலில் உள்ளே சத்தமில்லை. பிறகு, நான் இருந்த கூட்டங்களில் ஒரு நாளும் வாய் திறக்காத, கையெழுத்து வைக்கும்போது மட்டும் பேனையைக் கேட்கிற தங்கச்சி ஒருத்தி கதைத்தாள். "அந்த மெசினில நாலு பங்குக்காரர். மற்ற மூண்டு பேரும் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. போன முறையும் கேக்காமத்தான் குடுத்தனாங்கள்." இன்னொரு குரல், மெதுவாக: "கேக்கேலுமே அண்டைக்கு?" பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். பிணையாளியின் பழைய நிலுவை, மெசின் யார் பெயரில் பதிவு, சிறுபோகம் பொய்த்தால் என்ன என்று நான் ஒரு நாளும் அந்த மேசையில் கேளாத கேள்விகள். அவற்றில் இரண்டு எனக்குப் பதில் தெரிந்தவை. உள்ளே போய்ச் சொல்லலாமென்று கால் உன்னியது. அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூப்பிட்டபோது தேத்தண்ணி ஆறியிருந்தது. பங்குக்காரரின் கடிதமும் பதிவுப் புத்தகமும் வரும்வரை தள்ளிவைப்பதாகச் செயலாளர் வாசித்தார். "பொருளாளர் 10.40 க்கு வெளியேறினார், 11.15 க்குத் திரும்பினார்" என்று எழுதியிருந்தார். நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறார், மனிசன். நான் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் அண்ணர் வீட்டைத் தாண்டாமல் போகமுடியாது. தூரத்திலேயே தெரிந்தது, படலை திறந்து கிடந்தது. அண்ணி முற்றத்தில் கதிரை போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் முக்காலி, அதில் மூடி வைத்த கோப்பை. சைக்கிளை விட்டு இறங்கினேன்.